இன்னொரு கட்டைவிரல்

போன வாரம் பம்பரத்தை ஆடுகளத்தின் நடுவில் உட்கார வைத்துவிட்டு நாம் பாட்டுக்கு எழுந்து வந்துவிட்டோம். அவள் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருப்பாள் என்று நினைப்பவர்களுக்கு அவளுடைய அண்ணனைத் தெரியாது.

கூடைப்பந்து அரையிறுதி ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. பந்தைப் பறிக்கப் போன பம்பரத்தின் வலது கட்டைவிரல் எதிரணிப் பெண்ணின் சட்டையில் சிக்கி, வெளிப்பக்கமாக மடங்கிவிட்டது. அணியின் பயிற்சியாளரான அண்ணன் ஓடி வந்தார். விரலைப் பிடித்தார். மேலே கூரையைப் பார்க்கச் சொன்னார். அவளும் பார்த்தாள். ஒரே இழுப்பு. சரியாகிவிட்டது, போ என்றார். போனாள், இரண்டு கூடை போட்டாள். டயர் தொழிற்சாலைப் பெண்கள் அணி முதல் தடவையாக இறுதிப் போட்டிக்கு வந்தது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த இறுதிப் போட்டி. பம்பரத்தின் கட்டைவிரல் தேறுமா, தேறாதா? இந்த வாரம் நமக்கு வேறு கவலை எதுவும் கிடையாது.

அண்ணனை எல்லோரும் விசில் என்றுதான் சொல்வார்கள். கழுத்தில் விசில் இல்லாமல் அவரைப் பார்த்தவர் அவருடைய மனைவி ஒருத்திதான், அவளும் அடிக்கடி பார்த்ததில்லையாம். அணியில் யாருக்கு விரல் பிசகினாலும் நேராக அவரிடம் போய்க் கையை நீட்டுவார்கள். அவர் இழுத்து விடுவார். "என் முதல் கேஸ் யாரு தெரியுமா? இதோ நிக்கிறாளே, என் தங்கச்சி" என்று ஆரம்பித்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்தபோது அவளுடைய விரலை இழுத்துச் சரிசெய்த கதையைப் புதிதாக யார் சேர்ந்தாலும் சொல்லிவிடுவார். கேட்டுக் கேட்டுப் பழையவர்களுக்கு மனப்பாடமாகிவிட்டது.

தங்கையிடம் அவருக்கு ஒரே ஒரு குறை. பம்பரம் வலப்பக்கம்தான் சுழல்வாள். இடப்பக்கம் வழி திறந்து கிடந்தாலும் போகமாட்டாள், இடது கையில் பந்து நிற்காது. "அந்தக் கையை யாருக்கு வாடகைக்கு விட்டிருக்கே?" என்று கோட்டுக்கு வெளியிலிருந்து கத்துவார். சோம்பேறிக் கை என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார். அணியே சிரிக்கும், பம்பரமும் சேர்ந்து சிரிப்பாள்.

சரி, இன்றைக்கு வருவோம்.

காலையில் பம்பரம் தோள்பையின் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து அந்தச் சின்னத் தகட்டைப் பிடித்தன. இழுத்தால் தகடு நின்ற இடத்தில் நின்றது, விரல்தான் வழுக்கிக்கொண்டு வந்தது. இப்படி நாலைந்து தடவை முயன்று பார்த்துவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்து, பல்லால் கடித்து இழுத்தாள். சுற்றுமுற்றும் பார்த்தவள் சமையலறைக் கதவைப் பார்க்க மறந்துவிட்டாள். அங்கே அண்ணி நின்றுகொண்டிருந்தாள்.

அண்ணிக்குக் கடைகளில் தராசையும் எடைக்கற்களையும் சோதிக்கிற ஆய்வாளர் உத்தியோகம். கடைக்காரர்கள் தராசு அம்மா என்பார்கள். அவள் சந்தைக்குள் காலடி வைத்ததும் முதல் கடையில் ஒருவர் இருமுவார், அது பக்கத்துக் கடைக்குத் தொற்றி, அவள் நாலு அடி வைப்பதற்குள் கடைசிக் கடைவரை போய்ச் சேர்ந்துவிடும். அப்படிப்பட்டவளிடம் ஜிப்பை மறைக்க முடியுமா?

விரலைக் காட்டச் சொன்னாள். கட்டைவிரலின் அடிமூட்டில், ஆள்காட்டி விரலைப் பார்த்த பக்கம், பட்டாணி அளவுக்கு ஒரு மேடு. இன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றாள். விசில் அதற்குள் குறுக்கே வந்துவிட்டார். நேற்று முழுக்கப் பந்து தட்டினாள், முகம்கூடச் சுளிக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொண்டு இப்போது போய் ஆஸ்பத்திரி எதற்கு என்று அடுக்கினார்.

"பந்து தட்டுறது வேற, ஜிப் போடுறது வேறங்க. உங்க ஆட்டத்துல ஜிப் இல்லைதான். அவ வாழ்க்கையில இருக்கே."

விசில் செருப்பைத் தேடினார்.

கை டாக்டர் ஓர் அம்மாள். கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டுக்கொண்டு, கண்ணை இடுக்கிக்கொண்டே பார்க்கிறவர். முதலில் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தில் எலும்பு எங்கேயும் உடையவில்லை. விசிலுக்குப் பாதி உயிர் வந்தது.

எலும்பு உடையாதது நல்ல சேதிதான், ஆனால் இரண்டு எலும்பையும் சேர்த்துக் கட்டியிருக்கும் நார் படத்தில் தெரியாது என்றார் டாக்டர். கட்டைவிரல் வெளிப்பக்கம் சாய்ந்துபோகாமல் பிடித்து நிறுத்துவது அந்த நார்தான். அது நன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. விரலை மெல்ல வெளியே தள்ளினால் ஓர் இடத்தில் கெட்டியாக நிற்க வேண்டும். எங்கே நிற்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதனால் அடிபட்ட விரலைத் தள்ளிப் பார்த்துவிட்டு, அதே ஆளின் அடிபடாத விரலையும் தள்ளி, இரண்டையும் ஒத்துப் பார்ப்பார்களாம்.

வலது கட்டைவிரலைத் தள்ளினார். பம்பரம் உதட்டைக் கடித்துக்கொண்டாள். விரல் சாய்ந்துகொண்டே போயிற்று. டாக்டரின் நெற்றி சுருங்கியது. இடது விரலைத் தள்ளினார். அதுவும் சாய்ந்துகொண்டே போயிற்று. மறுபடி வலது, மறுபடி இடது.

இடது கட்டைவிரலில் எப்போதாவது அடிபட்டிருக்கிறதா என்று கேட்டார். பம்பரம் இல்லை என்றாள். அண்ணனும் இல்லை என்று தலையாட்டினார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, இதை மட்டும் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் பிறவியிலேயே மூட்டு இளக்கமான உடம்பு என்றார் டாக்டர். சில பேருக்கு அப்படி உண்டு. இரண்டு பக்கமும் ஒரே அளவுக்குச் சாய்வதால் நார் அறுந்திருக்க வாய்ப்பு குறைவு, சுளுக்காக இருக்கலாம். விரலைச் சுற்றிப் பட்டையான பிளாஸ்திரி போட்டுக்கொண்டு, வலி தாங்கினால் ஆடலாம், அடுத்த வாரம் வந்து காட்டுங்கள். இதைச் சொல்லும்போதும் அவருடைய விரல் அந்தப் பட்டாணி மேட்டின் மேலேயே இருந்தது. ஆனால் விசில் அதற்குள் எழுந்து நின்று நன்றி சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

மருந்துக் கடையில் பிளாஸ்திரி வாங்கினார்கள். கடை வாசலிலேயே நின்று விசில் தபாலுக்குப் போன் போட்டார். தபால் என்பது அணியின் இன்னொரு பந்து கடத்தும் பெண்ணுக்குப் பட்டப்பெயர். அவள் எறிந்தால் பந்து சரியான முகவரிக்குப் போய்ச் சேரும். பம்பரத்தால் முடியாமல் போனால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை நடத்த வேண்டியவள் அவள்தான். இனிமேல் நீ பயப்படாதே, பம்பரம் ஆடுகிறாள் என்று விசில் சொன்னதற்கு, மறுமுனையில் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு சரிங்க சார் என்றாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று விசில் தங்கையிடம் சொல்லிச் சிரித்தார்.

மதியச் சாப்பாட்டுக்கு அண்ணி வீட்டுக்கு வந்தபோது வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. விசில் சீட்டியடித்துக்கொண்டு தட்டு கழுவிக்கொண்டிருந்தார். கல்யாணமானதிலிருந்து அவர் தட்டு கழுவி அண்ணி பார்த்ததில்லை, அதனால் முதலில் அவளுக்குக் கலவரம்தான் வந்தது.

பம்பரம் நடந்ததைச் சொன்னாள். எக்ஸ்ரே, நார், வலதைத் தள்ளியது, இடதைத் தள்ளியது, இரண்டும் ஒன்று போலச் சாய்ந்தது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். அண்ணி பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எதோட ஒத்துப் பாத்தாங்க?"

"இடது கையோட, அண்ணி."

"இடது கை சரியா இருக்குன்னு அவங்களுக்கு யாரு சொன்னது?"

"நான்தான் சொன்னேன்."

"உனக்கு யாரு சொன்னது?"

பம்பரம் விழித்தாள். விசிலின் சீட்டி நின்றது.

அண்ணி கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அவள் வேலைக்கு எடுத்துப்போகும் பெட்டியில் பட்டுத் துணி விரித்து அதில் பித்தளை எடைக்கற்கள் இருக்கும். அவற்றை வேறெதற்கும் தொடவிடமாட்டாள். கடைக்காரர் தன் கல்லைத் தன்னுடைய இன்னொரு கல்லோடு வைத்துக் காட்டி, பாருங்கள் அம்மா, முள் நடுவில் நிற்கிறது என்றால் ஒத்துக்கொள்ளமாட்டாள். இரண்டுமே குறைச்சலான கல்லாக இருந்தாலும் முள் நடுவில்தான் நிற்கும். அவளுடைய உத்தியோகமே இதுதான்.

இதையெல்லாம் அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. மேஜையில் கிடந்த செய்தித்தாளிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நாலாக மடித்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இறுக்கிப் பிடிக்கும்படி பம்பரத்திடம் நீட்டினாள். வலது கையில் பிடித்தாள். அண்ணி இழுத்தாள், வந்துவிட்டது. அது எதிர்பார்த்ததுதான். இடது கையில் பிடித்தாள். அண்ணி இழுத்தாள். வெண்ணெயில் சொருகிய கத்தி மாதிரி அதுவும் வந்துவிட்டது.

"இப்ப நீங்க பிடிங்க" என்று கணவரிடம் நீட்டினாள். அவர் பிடித்தார். அண்ணி இழுத்தாள், வரவில்லை. காலை மேஜையில் முட்டுக் கொடுத்து இழுத்தாள். தாள் பாதியாகக் கிழிந்தது. அவர் விரலிடுக்கில் இருந்த பாதி அப்படியே இருந்தது.

"நான் இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து பாக்கறேன். நீ ஒரு தடவைகூட இடது கையால டம்ளரைப் பிடிச்சதில்லை. ஏந்திக்குவே. மகாராணி மாதிரி ரெண்டு கையையும் குவிச்சு ஏந்திக்குறாளேன்னு கிண்டல்கூடப் பண்ணியிருக்கேன். எனக்கே இப்பதான் உறைக்குது."

பம்பரம் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஊர் பேர் தெரியாத யாரோ ஒருவரின் கையைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"அண்ணா, பழைய வீட்டு மாட்டுக் கொட்டாய்ச் சுவத்துல வளையம் அடிச்சு வச்சிருந்தோமே. நான் விழுந்தேனே. அது எந்தக் கை?"

விசில் கையிலிருந்த பாதித் தாளைக் கீழே வைத்தார். அவருக்குத் தெரியும். அந்தக் கதையை எத்தனையோ தடவை சொன்னவர் அவர். எத்தனை தடவை சொன்னபோதும், தங்கையின் விரலைப் பிடித்துக் காட்டிச் சொல்வதற்கு அவர் நீட்டச் சொன்னது இடது கையைத்தான்.

டாக்டர் கேட்டபோது இரண்டு பேருக்கும் ஏன் நினைவுக்கு வரவில்லை என்று கேட்பீர்கள். அந்த வீட்டில் அண்ணன் இழுத்துவிட்ட விரல் அடிபட்ட விரல் கணக்கில் சேராது. இழுத்தாகிவிட்டது என்றால் சரியாகிவிட்டது என்று அர்த்தம். அண்ணனும் தங்கையும் அப்படியே நம்பி அப்படியே வளர்ந்தவர்கள். எனக்கு அவர்கள் மேல் கோபம் வருகிறது, கூடவே பாவமாகவும் இருக்கிறது.

அண்ணி அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்புச் சொன்னாள். மூன்று பேருமாகத் திரும்பக் கிளம்பினார்கள்.

டாக்டர் முழுக்கக் கேட்டார். தன் மேல் பழி வருமோ என்ற பேச்சே அவரிடம் இல்லை. கேட்டு முடித்ததும், "உங்க கையைக் குடுங்க சார்" என்று விசிலின் வலது கையை வாங்கிக் கட்டைவிரலைத் தள்ளினார். கொஞ்சம் சாய்ந்து, டக்கென்று நின்றுவிட்டது. பிறகு பம்பரத்தின் வலது கட்டைவிரல் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுத் தள்ளினார். நிற்கவே இல்லை. கூடப் பிறந்தவர் விரலில் இளக்கம் இல்லை, இவளுக்கு மட்டும் பிறவி இளக்கம் என்று இனிமேல் சொல்ல முடியாது என்றார்.

ஸ்கேன் எடுத்தார்கள். கூழைத் தடவி, விரலின் மேல் கருவியை நகர்த்தி, திரையில் தெரிந்ததை டாக்டர் பொறுமையாகக் காட்டினார். நார் முழுக்க அறுந்திருந்தது. அறுந்த முனை மடங்கி, மேலே இருக்கும் தசைப் பட்டைக்கு வெளியே வந்து மாட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பட்டாணி மேடு அதுதான். உள்ளே திரும்பிப் போக அதற்கு வழி இல்லை. ஆயுள் பூராவும் பிளாஸ்திரி போட்டாலும் தானாக ஒட்டாது, திறந்து, பழைய இடத்தில் வைத்துத் தைக்க வேண்டும்.

தான் இழுத்ததால் அறுந்ததா என்று விசில் கேட்டார்.

"அதை யாராலயும் சொல்ல முடியாது சார். சட்டையில மாட்டினப்பவே அறுந்திருக்கலாம். நீங்க இழுத்தப்ப அந்த முனை வெளியே வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம். ஆனா இழுத்தா எந்த நாரும் ஒட்டாது. இது மட்டும் நிச்சயம்."

அடுத்து அவர் கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை. பம்பரமே கேட்டாள், ஞாயிற்றுக்கிழமை ஆட முடியுமா என்று.

"ஆடலாம். உங்களை யாரும் கட்டிப்போடப் போறதில்லை. ஆனா நாள் போகப் போக அந்த நார் சுருங்கிடும், தைக்க வராது. அப்புறம் வலது கையும் இப்ப இடது கை இருக்கிற மாதிரிதான்."

தங்கை அண்ணனைப் பார்த்தாள். அவர் சொன்னால் ஆடிவிடுவாள். இத்தனை வருடமும் அப்படித்தான், கூரையைப் பார் என்றால் கூரையைப் பார்த்துவிடுவாள். அண்ணிக்கு அது தெரியும், அதனால் அவளும் கணவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இறுதிப் போட்டிக்காக அந்த மனிதர் எத்தனை வருடம் தவம் கிடந்தார் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"ஆபரேஷன் என்னிக்கு வச்சுக்கலாம் டாக்டர்?" என்றார் விசில்.

சனிக்கிழமை காலை என்று முடிவாயிற்று. அதற்குப் பிறகு என்ன என்பதை டாக்டர் சொல்லச் சொல்ல அண்ணி விரல் விட்டு எண்ணிக்கொண்டாள். சில வாரம் கட்டு. அப்புறம் கழற்றி மாட்டுகிற உறை. அப்புறம் பயிற்சி. முதலில் ஸ்பாஞ்சை அமுக்க வேண்டும். அது சுலபமானதும் துணி காயப்போடும் கிளிப்பைத் திறக்க வேண்டும். கிளிப் வலிக்காமல் திறந்தால்தான் பந்தைப் பற்றிப் பேச்சு. அவசரப்பட்டால் தைத்தது விட்டுவிடும். இடது விரலின் பழைய நாரைத் தைக்க முடியாது, ஆனால் மணிக்கட்டிலிருந்து ஒரு சின்னத் தசைக் கயிறு எடுத்துக் கட்டிக்கொடுக்க முடியும், வலது தேறிய பிறகு அதைப் பார்க்கலாம் என்றார்.

தசைக் கயிறு என்றதும் விசிலுக்கு வியர்த்துவிட்டது. ஊரார் விரலையெல்லாம் இழுத்த மனுஷன், ஊசியைப் பார்த்ததிலிருந்தே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

வருகிற வழியில் பேருந்தில் அண்ணனும் தங்கையும் ஒரு இருக்கையில், அண்ணி பின் இருக்கையில். பம்பரத்தின் வலது கை தற்காலிக உறையில் இருந்தது. இடது கையை மடியில் வைத்திருந்தாள். விசில் என்னவோ சொல்ல வாயெடுத்தார். என்னை மன்னிச்சுடும்மா என்பதில் பாதிதான் வந்தது.

"இழுத்ததுக்கு எனக்குக் கோவமே இல்லண்ணா. நான்தான் கையை நீட்டினேன். நீயும் அப்ப சின்னப் பையன்தானே." ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஆனா சோம்பேறிக் கைன்னு சொன்னே பாரு. எல்லார் முன்னாடியும். எத்தனை வருஷம். நானும் அதை நம்பிட்டேன். விடியறதுக்கு முன்னாடி எழுந்து மொட்டை மாடியில இடது கையால தட்டித் தட்டிப் பாத்திருக்கேன், உனக்குத் தெரியாது. வரவே வராது. சரி, நமக்கு உழைக்கிற உடம்பு இல்லை போலன்னு நெனைச்சுக்குவேன்."

"எனக்குத் தெரியாதும்மா."

"தெரியாதுன்னு எனக்கும் தெரியும்."

அதற்கப்புறம் அவள் அழுதாள். சத்தமில்லாமல், முகத்தைத் துடைக்காமல் அழுதாள். ஒரு கை உறையில், இன்னொரு கையைத் தூக்க மனசு வரவில்லை போல. விசில் தன் கைக்குட்டையை எடுத்து அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டார். பின் இருக்கையில் அண்ணி எதையும் கேட்காதவள் மாதிரி விளம்பரப் பலகைகளைப் படித்துக்கொண்டு வந்தாள். ஒரே பலகையைத்தான் ரொம்ப நேரம் படித்தாள்.

வீட்டுக்குப் போகவில்லை. சாயங்காலப் பயிற்சிக்கு அணி காத்திருக்கும், சேதியைச் சொல்லியாக வேண்டும். மூவரும் தொழிற்சாலை வளாகத்து உள்ளரங்கில் நுழைந்தபோது பெண்கள் இரண்டு பிரிவாக ஆடிக்கொண்டிருந்தார்கள். பம்பரத்தின் உறையைப் பார்த்ததும் பந்து தட்டும் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

விசில் வாயைத் திறப்பதற்குள் கொக்கு ஓடி வந்தாள். அணியிலேயே உயரமானவள், அதனால் அந்தப் பெயர். பந்து பட்டுச் சுண்டுவிரல் பிசகிவிட்டதாம். அவர் முன்னால் வந்து நின்று, கையை நீட்டி, யாரும் சொல்லாமலேயே தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தாள்.

விசிலின் கை பழக்கத்தில் போய் அந்த விரலைப் பிடித்துவிட்டது. அண்ணி கதவோரத்தில் நின்றாள். கொக்கு கூரையைப் பார்த்தபடியே கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

அவர் விரலை விட்டுவிட்டார்.

"கீழ பாரும்மா. நான் இழுக்கப் போறதில்லை. ஐஸ் வை. நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட போலாம்."

பிறகு எல்லோரையும் தரையில் உட்காரச் சொல்லி, தானும் உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னார். எதையும் மழுப்பவில்லை. முதல் கேஸ் கதையைத் திரும்பச் சொன்னார், இந்தத் தடவை அதன் மிச்சத்தையும் சேர்த்துச் சொன்னார். பம்பரம் ஞாயிற்றுக்கிழமை ஆடமாட்டாள், தபால்தான் ஆட்டத்தை நடத்துவாள் என்றார். கடைசியாக, நான் கட்டைவிரலை இழுத்துவிட்டவர்கள் யார் யாரோ அவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார்.

மூன்று பேர் தூக்கினார்கள். ரொம்ப நாளுக்கு முன்னால், இப்போது ஒன்றுமில்லை என்றார்கள். அவர்களையும் டாக்டரிடம் காட்டவேண்டும் என்றார். முடிந்தது என்று எல்லோரும் எழப் போனபோது, பின்வரிசையில் இன்னொரு கை மெதுவாக உயர்ந்தது.

தபால்.

மதியம் போனில் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது எதனால் என்று விசிலுக்கு அப்போதுதான் புரிந்தது.

பம்பரம் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தபாலின் வலது கட்டைவிரலின் அடியில் வீக்கம், அதே பக்கம், அதே மாதிரி ஒரு மேடு. அரையிறுதிக்கு மறுநாள் பயிற்சியில் பட்டதாம், சார் இழுத்துவிட்டாராம். அக்காவுக்கு முடியாவிட்டால் ஆட வேறு ஆள் இல்லை, அதனால்தான் வாயைத் திறக்கவில்லை என்றாள். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது.

"சரி. இப்ப இடது கையைக் காட்டு" என்றாள் பம்பரம்.

"இடது நல்லாத்தான் இருக்குக்கா."

"நானும் காலையில அப்படித்தான் சொன்னேன். யாராவது எப்பவாவது அதை இழுத்து விட்டிருக்காங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

தபால் யோசித்தாள். பிறகு தலையைத் திருப்பி விசிலைப் பார்த்தாள்.

விசில் எழுந்து வந்தார். இரண்டு பெண்களுக்கும் எதிரில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சட்டையின் கையை மடித்துவிட்டு, தன் வலது கையை அவர்கள் முன் நீட்டினார்.

"இதோட ஒத்துப் பாருங்க" என்றார். "இதை யாரும் இழுத்ததே இல்லை."